செண்பகராஜின் பதினொரு வினாடி

"எல்லாம் அருமையா வந்துருக்கு மேடம். ஒரே ஒரு நிமிசம் ரூம் டோன் எடுத்துக்கிடுதேன். அசையாதீங்க, பேசாதீங்க," என்றார் ஒலிப்பதிவாளர் தனிஸ்லாஸ், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து. மங்கை தலையாட்டினாள். அவர் விரலை உயர்த்தி இறக்கினார். சுவரிலிருந்த சிவப்பு எண்கள் பூஜ்யத்திலிருந்து நகர ஆரம்பித்தன. சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இப்போது வேலை. பேசுகிறவர்கள் பேசி முடித்த பிறகு அறை தன்பாட்டுக்கு என்ன சத்தம் போடுகிறது என்று ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்வார்கள். பேச்சை வெட்டி ஒட்டுகிற இடங்களில் ஓட்டை தெரியாமல் அடியில் போட்டு மெழுக அது வேண்டும். ஏசியை அணைத்து இருபது நிமிஷமாகிவிட்டது, கழுத்துக்குப் பின்னால் ஒரு வியர்வைக் கோடு மெதுவாக இறங்குகிறது, துடைக்கக் கூடாது, புடவை சரசரக்கும். ஹெட்போன் இடது காதுத் தோட்டை அழுத்துகிறது. மத்தியானம் சாப்பிட்ட எலுமிச்சை சாதம் வயிற்றில் ஒரு தடவை புரண்டது, அடங்கு, மைக் கேட்டுவிடும். சாலிகிராமத்தில் யாரோ குடித்தனம் நடத்திய படுக்கையறை இது, புடவை அலமாரி இருந்த மூலையில்தான் இப்போது அவள் உட்கார்ந்து உலகத்தோடு பேசுகிறாள், அந்த வீட்டம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாளோ. இருபத்துநாலு வருஷத்தில் எத்தனையோ பேர் ரூம் டோன் நடுவில் தும்மியிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், ஒரு மந்திரி கொட்டாவி விட்டிருக்கிறார். மங்கை ஒரு தடவைகூடக் கெடுத்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு, யாரிடமும் சொல்ல முடியாத சின்ன கர்வம்.

நாலு வினாடி ஆகியிருந்தது. மேஜைமேல் அவள் இப்போது வாசித்து முடித்த காகிதம் கிடந்தது, சனிக்கிழமை விருது விழாவில் அவள் மேடையேறும் முன் ஓடப்போகிற ஒன்றரை நிமிஷப் படத்துக்கான குரல். தன் புகழைத் தானே வாசிப்பது கூச்சமாக இல்லையா என்று விருது தருகிற பேரவைக்காரர்கள் கேட்டார்கள். உங்கள் ஆள் வாசித்தால் என் ஊர்ப் பெயரையே தப்பாகச் சொல்வார், நானே வாசிக்கிறேன் என்றாள். வானொலி, தொலைக்காட்சி, டிஜிட்டல் என மூன்று ஊடகங்களிலும் தடம் பதித்தவர். தடம் பதித்தவராம், சிமென்ட் காயாத தரையில் மிதித்தவரைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். ஆனால் பொய்யில்லையே. பாளையங்கோட்டைப் பெண், மங்கையர்க்கரசி என்று முழுப்பெயர். திரைக்கு அடியில் ஓடும் பட்டையில் இடம் பற்றாது என்று தொலைக்காட்சிக்காரர்கள் பாதியாக நறுக்கினார்கள். அதற்கு முன் ஐந்து வருஷம் திருநெல்வேலி வானொலியில் முழுப்பெயரோடுதான் இருந்தாள், அணைகளின் நீர்மட்டம் வாசித்துக்கொண்டு. பாபநாசம் நூற்றிரண்டு அடி. இப்போதும் யாராவது அணை என்றால் அவள் வாயில் அடி என்று வந்துவிடும். சேர்ந்த மூன்றாம் மாதம் மைக்கைத் திறந்துவிடும் கட்டையை மேலே தள்ள மறந்துபோய் நாற்பது வினாடி யாருக்கும் கேட்காமல் அத்தனை அணைகளையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்; பொறுப்பதிகாரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடிவந்தார். "ஏம்மா, சங்கு ஊதிட்டியே. ஊர்ல அத்தனை ரேடியோவும் செத்துப்போச்சுன்னு நெனச்சிருப்பான்." வானொலியில் மூன்று வினாடி சத்தமில்லாவிட்டால் போன் அடிக்கும். மௌனம் என்றாலே அங்கே விபத்து. அன்றிலிருந்து எங்கே போனாலும் கைப்பையில் ஒரு சின்ன ரெக்கார்டரைப் போட்டு ஓடவிட்டுவிடுவாள், பெரிய பெரிய கேமராக்கள் வந்த பிறகும். சகாக்கள் கேலி செய்வார்கள். கேமரா எனக்குப் புகுந்த வீடு, ரெக்கார்டர் பொறந்த வீடு, ஒரு கஷ்டம்னா அங்கதான் போய் நிக்கணும் என்பாள். ஒரே ஒரு தடவை போய் நிற்கவில்லை. காகிதத்தின் நடுவில் அந்த வரி இருக்கிறது, மடிப்பு விழுந்த இடத்தில், ஒரு பொறியாளரின் பதினொரு வினாடி மௌனத்தால் ஒரு மாநிலத்தையே உலுக்கியவர். கொஞ்ச நேரம் முன்பு அந்த வரியை அவள் தங்குதடையில்லாமல்தான் வாசித்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

பதினாறு. காலையில் அவர் போன் செய்திருந்தார், அந்தப் பொறியாளர், செண்பகராஜ். ஏழு வருஷத்தில் முதல் தடவை. எண்ணைப் பார்த்ததும் தெரியவில்லை, குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, குரல்களை அவள் மறப்பதே இல்லை. "வாழ்த்துகள் மேடம், பேப்பர்ல பாத்தேன், ரொம்ப சந்தோசம்." உண்மையாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார், அதுதான் முள். தெற்கே ஒரு சின்ன நகராட்சி, புதிதாகக் கட்டிய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி சரிந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள், தொட்டி உறுதியாக இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்ட உதவிப் பொறியாளர் இவர். யாரிடமும் பேசாதவர் மங்கையிடம் பேசினார், ஏனென்றால் மங்கை கேமராவை வாசலில் நிறுத்திவிட்டு முதலில் தனியாக உள்ளே போய் உட்கார்ந்தாள், அது அவளுடைய வழக்கம், அப்படித்தான் எந்தக் கதவும் அவளுக்குத் திறந்தது, இன்றைக்கும் திறக்கும். தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டா சார் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டாள். அந்தச் செய்தியில்தான் ஒப்பந்தக்காரர் மாட்டினார், கம்பி பாதி, மணல் மீதி என்று ஆவணத்தோடு நிரூபித்தாள், மூன்று மாதம் வெயிலில் அலைந்து சேர்த்த காகிதங்கள், அதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. ஆனால் சனங்கள் காகிதத்தையா ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு பதினொரு வினாடி அவர் தலையைக் குனிந்து, உதட்டை ஒரு தடவை ஈரப்படுத்தி, கண் கலங்கி உட்கார்ந்திருந்ததைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்த முகத்தை வாட்ஸப்பில் ஸ்டிக்கராக்கினார்கள். வீட்டுக்காரி காசு எங்கே என்று கேட்டால் புருஷன்மார் அனுப்புகிற ஸ்டிக்கர். மங்கைக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது, அவளுக்கு யார் படம் என்று தெரியாது என்பதுபோல. "ஒண்ணே ஒண்ணு மேடம்," என்றார் செண்பகராஜ் காலையில். "எம் பொண்ணு இப்ப ஜர்னலிசம் சேர்ந்துருக்கா. அவ கிளாஸ்ல அந்த வீடியோவப் போட்டுப் பாடம் நடத்திருக்காங்க. மௌனத்த எப்படிப் பயன்படுத்தணும்னு. வீட்டுக்கு வந்து அழுதா. நான் அன்னைக்குப் பதில் சொன்னேம்மான்னு சொல்லுதேன், நம்ப மாட்டேங்கா. நான் பதில் சொன்னேன்ல மேடம்? எனக்கு ஞாபகம் இருக்கு. இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுதான்னு இப்ப எனக்கே..." பாக்குறேன் சார் என்றாள் மங்கை. எத்தனை அதிகாரிகள் எத்தனை ஏழைகளிடம் இதைச் சொல்லக் கேட்டு அவள் பல்லைக் கடித்திருப்பாள், பாக்குறேன் சார், அதே வார்த்தை, அவள் வாயிலிருந்து சுளையாக வந்தது.

இருபத்தேழு, இருபத்தெட்டு. வெளியே இளநீர்க்காரர் வண்டி மணி. அதுவும் பதிவாகியிருக்கும், தனிஸ்லாஸ் புருவத்தைச் சுருக்குகிறார், பரவாயில்லை என்று தானே கையை அசைத்துக்கொள்கிறார். பதில் சொன்னார். சொன்னார், சொன்னார், அவருக்குத் தோன்றவில்லை, சொன்னார். அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கின் பேட்டரி அந்தக் கேள்விக்குச் சற்று முன்னால் செத்துப்போயிருந்தது, அவ்வளவுதான் விஷயம், ஒரு பொத்தான் அளவு பேட்டரி. கேமராமேன் ஒற்றை ஆளாக வந்திருந்தார், காதில் ஹெட்போன் மாட்டவில்லை. பேட்டி முடிந்ததும் சிவப்பு விளக்கைப் பார்த்தார், ஐயோ என்று புதுப் பேட்டரி போட்டார், இப்போதுதான் தீர்ந்திருக்கும் என்று நினைத்து எதையும் திரும்பக் கேட்காமல் ரூம் டோன் எடுத்தார். ஆக, செண்பகராஜ் பேசிய பதிலுக்குப் படம் மட்டும் இருந்தது, சத்தம் இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்த ரூம் டோனுக்குப் படமும் இருந்தது, சத்தமும் துல்லியமாக இருந்தது, அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம் உட்பட. ஆறு மணிச் செய்திக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது எடிட்டர் ஜெயந்தன் அவளைக் கூப்பிட்டான். "மேடம், அந்த ஆன்சர்ல ஆடியோ இல்ல. ஆனா இதப் பாருங்க." கேள்வியைப் போட்டு, அதன் காலடியில் ரூம் டோன் படத்தை ஒட்டியிருந்தான். ஒட்டினது தெரியவேயில்லை. மங்கை நின்றபடி பார்த்தாள். கைப்பை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் ரெக்கார்டர், அதற்குள் அவர் பதில், கைக்கெட்டுகிற தூரம். என்னிடம் இருக்கிறது ஜெயந்தா, இரு, பத்து நிமிஷத்தில் ஏற்றிவிடலாம், இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நேரமில்லை என்று பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டாள், பல வருஷம் சொல்லிக்கொண்டாள், நேரம் இருந்தது. அவள் சொல்லாததற்குக் காரணம் வேறு. அது நன்றாக இருந்தது. அத்தனை வருஷத்தில் அவள் எடுத்ததிலேயே நன்றாக இருந்தது. எந்தப் பதிலும் அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் நிற்காது என்று அவளுடைய தொழில் அறிவு அத்தனையும் திரண்டு வந்து காதில் சொன்னது, ஜெயந்தன் அவள் முகத்தைப் பார்த்தான், அவள் வாயைத் திறக்கவில்லை. போ, போட்டுவிடு என்றுகூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது இப்போது நினைத்தால், முகமெல்லாம் சூடேறியது, ஏசி வேறு இல்லை.

முப்பத்தெட்டு. சரி, சொன்னால் என்ன ஆகும். பேரவை விருதைத் திரும்பக் கேட்கலாம். பழைய சேனல் வக்கீல் நோட்டீஸ் விடலாம். இவளா நியாயம் பேசினாள் என்று வரிசையில் நிற்பார்கள், நிற்க வேண்டியவர்களின் பெயர்கள்கூட அவளுக்கு அகர வரிசையில் தெரியும். தடம் பதித்தவர் தடம் புரண்டார் என்று ஒருவன் தலைப்பு வைப்பான், கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு. வைக்கட்டும். தொலைக்காட்சியை விட்டு வெளியே வந்து இந்த அலமாரி மூலையில் சொந்தச் சேனல் ஆரம்பித்தபோதும் முடிந்தது இவள் கதை என்றார்கள், ஒரு மைக், ஒரு தனிஸ்லாஸ், பார்க்க முந்நூறு பேர். ஐந்து வருஷம் ஆகிறது, இன்றைக்கு அவள் ஒரு கேள்வி கேட்டால் கோட்டையில் நாற்காலி அசைகிறது. விழுந்தால் எழுந்திருக்கத் தெரியும் அவளுக்கு, அது தெரியாமலா மூன்று வீடு மாறினாள். இந்த டிஜிட்டல் வீட்டில் இன்னொரு வேடிக்கை, அரை வினாடிக்கு மேல் யாராவது பேசாமல் இருந்தால் மென்பொருள் தானாகவே அந்த இடத்தை வெட்டித் தள்ளிவிடுகிறது. செண்பகராஜ் இன்றைக்குப் பேட்டி கொடுத்திருந்தால் அந்தப் பதினொரு வினாடி பிறந்தே இருக்காது. அவருடைய பதில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பதில். அவர் என்ன சொன்னார், வார்த்தைக்கு வார்த்தை? போனேன் என்று ஆரம்பித்தார், ஏணி என்று ஏதோ வந்தது, அதற்கு மேல் ஞாபகத்தில் அந்தக் குனிந்த தலைதான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குரல்களை மறக்காதவளுக்கு அந்த ஒரு பதில் மட்டும் மறந்துபோயிருக்கிறது. போனை வைத்ததும் பீரோவில் தேடி அந்த ரெக்கார்டரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள், ஆனால் கேட்கவில்லை. அவர் சொன்னது மழுப்பலாக இருந்துவிட்டால் நல்லது என்று மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டது, அப்படி இருந்தால் மௌனம் ஒன்றும் பெரிய பொய்யில்லை என்று ஆகிவிடும் அல்லவா. சீ. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அப்பாவை நம்பாமல் அழுதுகொண்டிருக்கிறாள், மங்கை நடத்தாத பாடத்துக்கு மங்கைதான் வாத்தியார். நாற்பத்தாறு. நாற்பத்தேழு. என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு எப்போதும் சீக்கிரமே தெரிந்துவிடும், செய்தியின் முதல் வரி வாயில் வந்து நிற்பதுபோல. இப்போதும் வந்து நின்றது. ஹெட்போனைக் கழற்றினாள்.

"தனிஸ்லாஸ், நிறுத்துங்க."

"போச்சு!" தனிஸ்லாஸ் தலையில் கை வைத்தார். "நாப்பத்தொம்பது மேடம். இன்னும் பதினோரு செகண்டுதான இருந்துச்சு. நீங்களா இப்படி?"

"நானேதான். இங்க வாங்க, இதக் கேக்கணும்." கைப்பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பழைய கருவி, அதன் வயிற்றில் செருகுகிற கம்பியைத் தேடி தனிஸ்லாஸ் மூன்று இழுப்பறை துழாவினார். தேதியைச் சொன்னாள். கோப்பு கிடைத்தது. கைப்பைக்குள் இருந்து பதிவானதால் துணிக்குள் பேசுகிற மாதிரிதான் இருந்தது. தனிஸ்லாஸ் எதையோ அமுக்கினார், எதையோ திருகினார், இரைச்சல் ஒதுங்கி வழிவிட்டது. சுவர்க் கடிகாரம் கேட்டது. மங்கையின் குரல், ஏழு வருஷம் இளையது, தொட்டியைப் பற்றிய கேள்வியைக் கேட்டது. இடைவெளியே இல்லை. கேள்வி முடியும் முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"போனேன் மேடம். மூணு தடவ போனேன். மேல ஏறிப் பாக்க ஏணி இல்ல. ஏணி வேணும்னு எழுதிக் குடுத்தேன், தரல. கீழ நின்னு பாத்துட்டு வந்தேன். தெறப்பு விழா தேதி குறிச்சாச்சு, போடுய்யான்னாங்க. போட்டேன். போட்டது தப்பு. ரெண்டு உசுரு போச்சு, அந்தத் தப்பு எனக்கும் உண்டு மேடம், நான் இல்லேங்கல. ஆனா எட்டிக்கூடப் பாக்கலன்னு மட்டும் சொல்லிராதீங்க."

தனிஸ்லாஸ் மங்கையைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இது மழுப்பல் இல்லை. அவள் கேட்ட பேட்டிகளில் இவ்வளவு நேராகப் பதில் சொன்ன அதிகாரியை அவள் கண்டதில்லை. இதைக் கைப்பையில் வைத்துக்கொண்டா அந்த மௌனத்தை ஓடவிட்டாள். கோப்பு ஓடிக்கொண்டே இருந்தது. கேமராமேனின் ஐயோ கேட்டது, பேட்டரி மூடி கழலும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். ரூம் டோன் எடுத்துக்கலாம் என்றார் அவர். அப்போது செண்பகராஜ் குரல் மறுபடி வந்தது, சற்றுத் தள்ளி, தயங்கித் தயங்கி.

"மேடம், இன்னொண்ணு சொல்லணும். அந்த ஏணி லெட்டர் காப்பி எங்கிட்ட..."

"சார், சார்," என்று குறுக்கிட்டது இளைய மங்கையின் குரல், சிரித்தபடி, அன்பாக, அவசரமாக. "ஒரு நிமிஷம். பேசவே கூடாது. அசையாம அப்படியே உக்காருங்க."

அதற்குப் பிறகு கடிகாரம் மட்டும்.

இது மங்கைக்கு ஞாபகமே இல்லை. பேசக் கூடாது என்று கேமராமேன் சொன்னதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். ஊரே குற்றவாளியின் மௌனம் என்று பார்த்து அழுததும் சிரித்ததும் அவள் சொன்னபடி கேட்டு வாயை மூடிக்கொண்ட ஒரு மனிதரை. கடிதத்தின் நகல் வைத்திருந்த மனிதரை. ரூம் டோன் முடிந்ததும் அவள் கேட்டிருக்கலாம், என்ன சார் சொல்ல வந்தீங்க என்று. கேட்கவில்லை, சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள், கார்க் கதவு சாத்துகிற சத்தம்வரை பதிவில் இருந்தது. கண் கலங்கியது அவளுக்கு. துடைத்துக்கொண்டாள், இப்போது புடவை சரசரக்கலாம்.

"இந்த ஒன்றரை நிமிஷப் படத்துல அந்தப் பதினோரு செகண்டத் தூக்கிருங்க," என்றாள். "அந்த வரியையும். அந்த எடத்துல இந்தப் பதில் வரணும், அன்னைக்கு நான் பேசக்கூடாதுன்னு சொன்னது வரைக்கும். அந்த மௌனம் எப்படி வந்துச்சுன்னு நான் புதுசா வாசிச்சுத் தாரேன்."

"மேடம், சனிக்கிழம மேடை," என்றார் தனிஸ்லாஸ். "விருதக் குடுப்பாங்களா?"

"குடுத்தா வாங்கிக்கிடுவேன். குடுக்காட்டி நம்ம சேனல்ல போடுவோம், அத யாரும் தடுக்க முடியாது. குடுக்காட்டி நான் மங்கை இல்லாம ஆயிருவேனா?" என்று கேட்டாள். அவள் குரலில் பழைய உரம் வந்திருந்தது. போனை எடுத்துக் காலையில் வந்த எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மேடம்."

"சார், பொண்ணு வீட்டுலயா இருக்கா?"

"இருக்கா மேடம். எதுக்கு? அவ பேச மாட்டா, கோவத்துல இருக்கா."

"பேச வேண்டாம். கேட்டாப் போதும். ஸ்பீக்கர்ல போட்டு அவ பக்கத்துல வைங்க."

அந்தப் பக்கம் காலடிச் சத்தம், ஒரு கதவு, அப்பா என்னப்பா என்று எரிச்சலாக ஒரு சின்னக் குரல். மங்கை போனை ஒலிபெருக்கியின் முன்னால் பிடித்தாள். தனிஸ்லாஸைப் பார்த்து விரலை உயர்த்தி இறக்கினாள். கடிகாரம் கேட்டது, கேள்வி கேட்டது, இடைவெளியில்லாமல் அவர் பதில் கேட்டது. பதில் முடிந்து, இன்னொண்ணு சொல்லணும் என்று அவர் தயங்கி, பேசவே கூடாது என்று அவள் சிரித்துச் சொன்னதும் முடிந்தது. தனிஸ்லாஸ் நிறுத்தப் போனார். வேண்டாம் என்று மங்கை கையசைத்தாள். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போனின் அந்தப் பக்கம் யாரோ விசும்பினார்கள், அப்பாவா மகளா என்று தெரியவில்லை. பிறகு அந்தச் சின்னக் குரல், எரிச்சல் போய், அவளிடம் அல்ல, அவரிடம் கேட்டது.

"அந்த லெட்டர் இன்னும் இருக்காப்பா?"

மங்கை குறுக்கே பேசவில்லை. அவர் பதில் சொல்லும்வரை காத்திருந்தாள்.